கடலோர நினைவும் கடலின் வெப்பமும்

தமிழ்நாட்டின் கடற்கரை பழவேற்காட்டில் தொடங்கி, குமரி முனையைச் சுற்றிக்கொண்டு நீரோடி வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. இக்கரையில் பிறந்து அறுபது வயதைக் கடந்த யாரைக் கேட்டாலும், தம் காலத்திலேயே கடல் மாறிவிட்டது என்பர். வலை உலர்த்திய மணல்மேடு இப்போது இல்லை. கோயிலுக்கு முன்னிருந்த தெரு அலைக்குள் போய்விட்டது. அப்பன் காலத்து மீன் வலையில் ஏறுவதில்லை. அப்பன் அறியாத மீன் கூடை கூடையாக வந்து இறங்குகிறது. கச்சான் காற்று எடுக்கும் நாளும் வாடைக் காற்று திரும்பும் நாளும் முன்போல் இல்லை. இவை அனைத்தையும் காலநிலை மாற்றம் என்ற ஒரே பெயருக்குள் அடக்கிப் பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது.

இங்கே முன்வைக்கப்படும் கருத்து இதுதான்: கடலோர மக்கள் கண்ட மாற்றங்கள் யாவும் மெய். ஆனால் அவற்றின் காரணம் ஒன்றல்ல. எல்லார் கண்ணிலும் முதலில் படுகிற கரை அரிப்பு, காலநிலை மாற்றத்துக்குச் சொல்லத்தக்க சான்றுகளுள் மிக மெலிந்தது. வலுவான சான்றுகள் நீரின் வெப்பத்திலும், பவளப்பாறையின் நிறத்திலும், மீன் முட்டையிடும் மாதத்திலும் இருக்கின்றன. அவற்றைக் கடலில் இறங்கித் தொழில் செய்வோரே நேரில் காண்கின்றனர். இந்த வேறுபாட்டின் மேல் மக்களின் வீடும் பிழைப்பும் நிற்கின்றன. துறைமுகச் சுவர் செய்த கேட்டைக் காலநிலையின் தலையில் கட்டினால், சுவரை எழுப்பியவர் பொறுப்பிலிருந்து நழுவிவிடுகிறார். எல்லாக் கேட்டையும் சுவரின் கணக்கில் எழுதினாலோ, கடல் சூடேறுவது கவனிப்பாரின்றிப் போகிறது.

1. கரை நகர்வது

மணற்கரை ஓரிடத்தில் நிற்பதில்லை. சாய்வாக வந்து கரையைத் தொடும் அலை, மணலைக் கரையோரமாகவே நகர்த்திக்கொண்டு போகிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காலத்து அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காலத்து அலைகள் அதைத் தெற்கே திருப்புகின்றன. முன்னதன் காலம் நீண்டது. ஆகவே ஆண்டு முடிவில் பார்த்தால் மணல் வடக்கு நோக்கியே நகர்ந்திருக்கும். இந்தப் பாதைக்குக் குறுக்கே கடலுக்குள் ஒரு கற்சுவர் நீண்டால், அதன் தென்புறத்தில் மணல் தேங்கும். வடபுறத்துக்கு மணல் வரவு நின்றுவிடும். அலை அள்ளிச் செல்லும் செலவு மட்டும் நிற்காது.

சென்னையில் துறைமுகச் சுவர் வேலை 1876-இல் தொடங்கியது. அதன் பின் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்துதான் மெரினாவுக்கு இன்றைய அகலம் வந்தது. வடக்கே இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை உள்ள குப்பங்கள் கரையை இழந்தன. மெரினாவில் மாலை உலவும் நகரத்தாரின் அகன்ற மணலும், வடசென்னை மீனவக் குடும்பங்கள் பறிகொடுத்த வீடுகளும் ஒரே சுவரின் இரு பக்கங்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் இந்த இழப்பைக் கடல் மட்ட உயர்வின் கணக்கில் சேர்ப்பது அம்மக்களுக்குச் செய்யும் அநீதி.

புதுச்சேரியிலும் இதுவே நடந்தது. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகச் சுவர்கள் எழுந்தன. சில ஆண்டுகளுக்குள் நகரின் மணற்கரை மறைந்தது. கடற்கரைச் சாலையைக் காக்கக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் அலை நின்றது. அதற்கு வடக்கே அரிப்பு தொடங்கியது. அங்கும் கல் கொட்டியபோது அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போயிற்று. பின்னர் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் நகரின் வடபகுதியில் நீருக்கடியில் ஓர் எஃகுத் தடுப்பை அமைத்தது. அதன் பின்புறம் மணல் மீண்டும் படிந்து, ஒரு தலைமுறை பார்த்திராத கடற்கரை திரும்பி வந்தது. கடல் மட்டம் இறங்கியதால் வந்த மணல் அல்ல அது. அலையின் போக்கைத் திருத்தியதும் கரை திரும்பியது என்றால், கரை போனதற்கான காரணமும் அங்கேயே இருந்திருக்கிறது.

ஆறுகளின் பங்கும் உண்டு. காவிரி, பாலாறு, தாமிரபரணி ஆகியவை கொண்டுவந்த மணலில் பெரும்பகுதி இன்று அணைகளுக்குப் பின்னே தங்கிவிடுகிறது. மிஞ்சியது லாரியில் போகிறது. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான காலத்தை ஆராய்ந்து, இந்தியக் கரையில் ஏறத்தாழ 34 விழுக்காடும் தமிழ்நாட்டுக் கரையில் ஏறத்தாழ 43 விழுக்காடும் அரிக்கப்படுவதாகக் கண்டது. காலநிலை மாற்றம் பற்றிய மேடைகளில் இந்த எண் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகிறது. அதே ஆய்வு இந்தியக் கரையில் ஏறத்தாழ 27 விழுக்காடு வளர்கிறது என்றும் கூறுகிறது. கடல் மட்ட உயர்வு ஒன்றே காரணமாயின் இவ்வளவு நீளக் கரை வளர்ந்திருக்க வழியில்லை.

2. நீர்மட்டம் உயர்வது

கடல் மட்டம் உயர்வதில் ஐயமில்லை. அதைக் கண்ணால் காண முடியுமா என்பதே இங்கே கேள்வி. சென்னையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஓதம் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஏறி இறங்குகிறது. இதற்கு மேல் ஆண்டுச் சுழற்சி ஒன்றும் இருக்கிறது: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சராசரி நீர்மட்டம் உயர்ந்தும், கோடையின் தொடக்கத்தில் தாழ்ந்தும் நிற்கும். இவ்விரண்டுக்கும் இடையே சில பத்து சென்டிமீட்டர் வேறுபாடு உண்டு. புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1874 முதல் 2004 வரை ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மில்லிமீட்டர் வரை உயர்ந்தது; 1993 முதல் 2017 வரை அது ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டராயிற்று. இந்த 25 ஆண்டுகளில் சேர்ந்த உயர்வு 8 சென்டிமீட்டர் அளவு. ஒரே நாளில் ஒரு மீட்டர் ஏறி இறங்கும் நீரில் இந்த 8 சென்டிமீட்டரைப் பிரித்தறியும் கண் யாருக்கும் இல்லை.

கருவியின் எண்ணையும் இடமறிந்தே படிக்க வேண்டும். சென்னை ஓதமானி 1916 முதல் 2005 வரை ஆண்டுக்கு 0.33 மில்லிமீட்டர் உயர்வையே காட்டுகிறது. வங்காளத்தின் டயமண்ட் ஹார்பரில் 1948 முதல் 2005 வரை அது 5.16 மில்லிமீட்டர். ஹூக்ளியின் வண்டல் நிலம் தானே அமிழ்ந்துகொண்டிருப்பதும் அவ்வெண்ணில் சேர்ந்திருக்கிறது. கரையில் நட்ட ஓதமானி தான் நிற்கும் தரைக்கும் நீருக்கும் உள்ள உறவையே அளக்கிறது. தரை அசைந்தால் அந்த அசைவும் அளவில் ஏறிவிடும். சென்னையின் சிறிய எண்ணைக் காட்டி இக்கரைக்கு அச்சமில்லை என்று சொல்வதும் பிழை. அது 90 ஆண்டுகளின் சராசரி. உயர்வு விரைவுபட்டது அண்மைக் காலத்தில்.

கேரளத்திலும் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையிலும் ஏப்ரல், மே மாதங்களில், காற்றோ மழையோ இல்லாத நாளில் கடல் வீதிக்குள் ஏறுவதுண்டு. மக்கள் இதைக் கள்ளக்கடல் என்று நெடுங்காலமாக அறிவர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடிப் புயல்களில் பிறந்த நீள்அலைகள் சில நாட்கள் பயணம் செய்து இங்கே வந்து சேர்வதே இதன் காரணம். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இப்போது இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. ஆகவே கடல் ஊருக்குள் புகுந்தது என்ற ஒரு செய்தியைக் கடல் மட்ட உயர்வுக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. ஆனால் அடிமட்டம் உயர உயர, அதே கள்ளக்கடல் அடுத்த வீட்டின் வாசலையும் தொடும். மெதுவான உயர்வு இவ்வாறே வெளிப்படும்: நாள்தோறும் அல்ல, பெரிய அலை எழும் நாளில்.

கிணறு உப்பாவதும் இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டியதே. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. அளவுக்கு மீறி நீர் இறைத்ததே அதற்கு முதற்காரணம்.

3. நீர் சூடேறுவது

பசுங்குடில் வாயுக்களால் புவியில் சேரும் மிகை வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலுக்குள் போகிறது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை சராசரியாக ஒரு பாகை செல்சியஸ் சூடேறியிருக்கிறது. அதே காலத்தில் உலகக் கடல்களின் சராசரி 0.7 பாகை. ஒரு பாகையை உடலால் உணர முடியாது. ஆனால் அதை உணரும் உயிர் கடலுக்குள் இருக்கிறது.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக உள்ளன. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள் வளர்கின்றன. பவள உயிரியின் உடலுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. அதுவே பவளத்துக்கு உணவும் நிறமும் தருவது. நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைத் தாண்டிச் சில வாரம் நீடித்தால் பவளம் அப்பாசியை வெளியேற்றிவிடும். வெண்மை தெரிவது அப்போதுதான். வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி திரும்பும். தணியாவிட்டால் பவளம் பட்டினியால் மடியும். வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரும் வெளிறல் நேர்ந்தது. 2016-க்கு முன் பாறைப்பரப்பில் ஏறத்தாழ 39 விழுக்காடாக இருந்த உயிருள்ள பவளம், அதன் பின் ஏறத்தாழ 23 விழுக்காடாகக் குறைந்ததைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பதிவு செய்தது. 2020 மே மாதத்துக் கடல் வெப்ப அலையின்போது வளைகுடாவில் 85 விழுக்காட்டுப் பவளங்கள் வெளிறின.

இதே வளைகுடாவில் பூவரசன்பட்டி, விளாங்குசல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் மறைந்துவிட்டன. வான் தீவு 1986-இல் ஏறத்தாழ 16 ஹெக்டேர் இருந்தது. 2014-இல் 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. தீவுகளைக் கடல் விழுங்கியது என்று கேட்போர் உடனே நீர்மட்ட உயர்வை நினைப்பர். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லைப் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்ததால், அலையைத் தடுத்து நின்ற பாறை போயிற்று. பாறை போனதும் தீவு கரைந்தது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தபின்னும், வெட்டுவது நிற்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. ஒரே வளைகுடாவில், ஒரே தலைமுறையின் காலத்தில் நேர்ந்த இரு இழப்புகளில் தீவை அழித்தது கடப்பாறை, பவளத்தை வெளுக்கச் செய்தது வெப்பம். இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் அங்கே பார் எனப்படும் பாறையின் ஓரமாக வலை இடுவோரும், பாசி எடுக்க முங்கும் பெண்களுமே. வெட்டிய கல் ஏறிய வள்ளத்தையும் அவர்கள் பார்த்தவர்கள். கல் வெட்டாத பாரும் கோடையில் வெளுப்பதை இப்போது பார்க்கிறார்கள்.

வெட்டுவதை நிறுத்திய பின்னும் வெளிறல் தொடர்வது கவனத்துக்குரியது. உள்ளூர்க் காரணம் ஒன்றை நீக்கியபின் எஞ்சி நிற்கும் மாற்றமே, தொலைவில் உள்ள காரணத்துக்கு நல்ல சான்று. வான் தீவைச் சுற்றி 2015 முதல் இறக்கப்பட்ட செயற்கைப் பாறைகள் தீவைக் காக்க உதவின. சூடேறும் நீருக்கு அத்தகைய உள்ளூர் மருந்து இல்லை.

4. மீன் இடம் மாறுவது

குமரிக் கரையில் சாளை எனப்படும் மத்தி நெடுங்காலம் மலபார்க் கரைக்கே உரிய மீனாக இருந்தது. 1980-களின் நடுப்பகுதி வரை இந்தியாவில் பிடிபட்ட மத்தியில் ஏறத்தாழ முழுவதும் அக்கரையில், 14 பாகை வட அட்சத்துக்குத் தெற்கே கிடைத்தது. அதன் பின் அது சோழமண்டலக் கரையிலும் ஆந்திரக் கரையிலும் பெரும் பாடாக வரத் தொடங்கியது. மேற்குக் கரையில் வடக்கு நோக்கியும் பரவியது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இ. விவேகானந்தனும் அவருடைய குழுவினரும், கடல் சூடேறியதால் அதன் வாழ்பரப்பு விரிந்தது என விளக்கினர். சென்னைக் கடலில் அவர்கள் கண்ட இன்னொன்று மேலும் நுட்பமானது. சங்கரா என்று விற்பனையாகும் செந்நிற மீன்கள், 1980-களின் தொடக்கத்தில் வெப்பமான மாதங்களிலும் கணிசமாக முட்டையிட்டன. 2004-க்குள் அவற்றின் முட்டையிடும் காலம் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர்ந்த மாதங்களுக்கு நகர்ந்துவிட்டது. மீன் இடம் மாறவில்லை. தனக்கு ஏற்ற வெப்பத்தைத் தேடி மாதத்தை மாற்றிக்கொண்டது.

எதிர்க்காரணங்களையும் இங்கே எடைபோட வேண்டும். மத்தி மிகுதியாகக் கிடைத்ததில் சுருக்குமடி வலைக்கும் பங்குண்டு. மத்தி குறுகிய வாழ்நாள் கொண்ட மீன். அடிநீர் மேலெழும்போது பெருகும் மிதவைப் பாசியை நம்பி வாழ்வது. ஆகவே அதன் ஏற்ற இறக்கம் பெரியது. கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் 3,297 டன்னாக விழுந்தது. பின்னர் மீண்டும் ஏறியது. இந்த வீழ்ச்சியைக் காலநிலை மாற்றத்தின் தீர்ப்பாகச் சொன்னவர்கள் அந்த மீட்சிக்கு என்ன விடை சொல்வது என்று திகைக்க நேர்ந்தது. சில ஆண்டு ஏற்ற இறக்கம் வேறு. நாற்பதாண்டாகப் புதிய கரையில் வந்து தங்குவது வேறு.

சுறா, திருக்கை போன்றவை அரிதானதைக் கடலோர முதியவர் எல்லாரும் சொல்வர். அதற்கு முதற்காரணம் மிகைமீன்பிடிப்பு. விசைப்படகுகள் பெருகி, இழுவைமடி கடலடியை வாரிய காலமும் கடல் சூடேறிய காலமும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்துவிட்டன. ஒரு மீன் இல்லாமற் போவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். புதிய மீன் வந்து நிலைப்பதற்கும், முட்டையிடும் மாதம் மாறுவதற்கும் காரணங்கள் மிகச் சில. எனவே கடலோர நினைவில் தேடவேண்டியது எந்த மீன் எப்போது முதலில் வந்தது, சினை எந்த மாதத்தில் தெரிந்தது என்பதே. மீனை அறுக்கும் பெண்கள் சினை காணும் மாதத்தை எந்த ஆய்வுக்கூடத்துக்கும் குறையாத துல்லியத்தோடு அறிவர். அவர்களிடம் கேட்டவர் மிகக் குறைவு என்பது வருத்தத்துக்குரியது.

5. காற்றும் புயலும்

வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைத் திசையும் பருவமும் கொண்டு பிரித்தறியும் அறிவு கட்டுமரக் காலத்தில் உயிர் காக்கும் அறிவாக இருந்தது. இயந்திரம் வந்தபின் காற்றை நம்பிக் கடலேறுவோர் குறைந்தனர். ஆகையால் காற்று மாறிவிட்டது என்ற கூற்றில், காற்றைக் கவனிக்கும் பழக்கம் மாறியதும் கலந்திருக்கிறது.

புயலைப் பற்றிய பதிவு தெளிவானது. 2001 முதல் 2019 வரையிலான காலத்தில், அதற்கு முந்தைய ஏறத்தாழ இருபதாண்டுகளைவிட அரபிக்கடலில் புயல்களின் எண்ணிக்கை 52 விழுக்காடு கூடியது. வங்கக்கடலில் சற்றுக் குறைந்தது. வங்கக்கரையில் வாழ்வோரின் உணர்வுக்கு இது மாறாகத் தோன்றலாம். 2011-இல் தானே, 2016-இல் வர்தா, 2018-இல் கஜா என்று அடுத்தடுத்துக் கண்ட கண்ணுக்கு எண்ணிக்கை கூடியதாகவே படும். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி வேறு பாடம் தந்தது. இலங்கைக்குத் தெற்கே காற்றழுத்தத் தாழ்வாக இருந்தது ஒரே நாளில் குமரிக்கு அருகே புயலாயிற்று. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர் அதற்கு முன்பே தொலைவில் இருந்தனர். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை. சூடான மேல்நீர் புயலுக்கு ஆற்றல் ஊட்டி அதை விரைந்து வலுக்கச் செய்யும். முதியோரின் அனுபவம் தரும் எச்சரிக்கைக்கும் வானொலி எச்சரிக்கைக்கும் கிடைக்கும் நேரம் இதனால் சுருங்குகிறது. ஒரு தனிப் புயலைக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுத முடியாது. விரைந்து வலுக்கும் போக்கை எழுதலாம்.

6. நினைவுக்கு நாள் குறிப்பது

1995-இல் மீனியல் அறிஞர் டேனியல் பாலி ஒரு குறையைச் சுட்டினார். ஒவ்வொரு தலைமுறையும் தான் தொழிலுக்கு வந்தபோது கண்ட கடலையே இயல்பான கடல் என்று கொள்கிறது. அதற்கு முன் நேர்ந்த இழப்பு கணக்கில் வருவதில்லை. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அதைக் கண்டவருக்கு இயல்பான வளைகுடா ஒன்று. 1990-களில் வலை எடுத்தவருக்கு வேறொன்று. ஆகவே கடல் கெட்டுவிட்டது என்ற பொதுக்கூற்று, எந்த ஆண்டை அளவாகக் கொண்டது என்பது தெரியாதவரை ஆய்வுக்குப் பயன்படாது.

நினைவுக்கு நாள் குறிக்க வழி இருக்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தில் கரை கடந்த புயல், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை ஆகியவற்றை எந்தக் கடலோர ஊரும் மறக்கவில்லை. மத்தி முதலில் வந்தது எந்த ஆண்டு என்று கேட்டால் விடை தடுமாறும். தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னா, பின்னா என்று கேட்டால் உறுதியான விடை வரும். ஊர்க்கோயில் குடமுழுக்கு, மூத்த மகள் திருமணம், முதல் இயந்திரப் படகு வந்த ஆண்டு என்று இக்குறிகளை இன்னும் நெருக்கமாக நடலாம்.

இனி வரும் மாற்றங்களை அவ்வப்போது எழுதி வைப்பது அதைவிட எளிது. சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988 முதல் சனவரி தொடங்கிக் கோடை வரை இரவுதோறும் கரையில் நடந்து, பங்குனி ஆமைகளின் கூடுகளைக் கணக்கிட்டு வருகிறது. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக் கூட்டு மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. மணல் சூடேறினால் பெண் மிகும். நாளும் இடமும் குறித்த இத்தகைய தொடர்ப்பதிவு, கருவிகள் மிகுந்த ஆய்வுப் பயணம் ஒன்று தரும் செய்தியைவிடக் காலநிலை ஆய்வுக்கு மேலானது.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையிலான 61 நாட்களில் விசைப்படகுகள் கிழக்குக் கரையில் கட்டப்பட்டிருக்கும். மன்னார் வளைகுடாவில் வெளிறல் தெரியும் காலமும் ஏறத்தாழ அதுவே. சிறு வள்ளத்தில் போவோர் மட்டும் கடலில் இருக்கும் அந்த வாரங்களில், ஒவ்வொரு ஊரிலும் ஓரிருவர் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில், ஒரே நேரத்தில் நீரின் வெப்பத்தை அளந்து, அன்றைய காற்றையும் நீரோட்டத்தையும் தங்கள் சொல்லிலேயே எழுதி வைக்கலாம். 1947-இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவரும் மீன்பாட்டுக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. அக்கணக்கையும் நாளிட்ட ஊர்க்குறிப்பையும் அருகருகே வைத்தால், வலையின் பங்கு எவ்வளவு, வெப்பத்தின் பங்கு எவ்வளவு என்பதை மீனுக்கு மீன், கரைக்குக் கரை பிரித்துக் காணும் வேலையைத் தொடங்க முடியும்.